எழுதி வைத்த மூன்று மணி நேரம்

1

நான் இப்போது இருக்கும் ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெதர்லாந்தில், ராட்டர்டாமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தெருக்கோடியில் செங்கல் கட்டடம் ஒன்றில் பம்ப்புகள் இரவும் பகலும் ஓடித் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அவை நின்றால் என்ன ஆகும் என்று என் மகள் வசந்தியிடம் வந்த புதிதில் கேட்டேன். "நிக்காதுப்பா" என்றாள். அவ்வளவுதான் பதில். இந்த ஊர்க்காரர்கள் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பதினோரு வருஷமாகியும் எனக்கு அது வரவில்லை.

இங்கே மாதத்தின் முதல் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஊர் முழுக்கச் சங்கு ஊதும். ஆபத்து வந்தால் ஊதுமா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். ஒன்றரை நிமிடம் ஊதும். ரொட்டிக் கடைக்காரர் தன் பாட்டுக்கு ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டிருப்பார். நாய்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்காது. நான் மட்டும் நாட்காட்டியில் அந்த நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்து, காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் வட்டமிட மறந்துவிட்டேன். பேத்தி மீராவுக்குப் பள்ளி விடுமுறை. கூடத்தில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சோபாவில் கிடந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. அதற்கப்புறம் நான் செய்தது எதுவும் யோசித்துச் செய்தது இல்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். அவள் டச்சு மொழியில் கத்தினாள். பதினைந்து வயதுப் பெண். எண்பதைத் தாண்டிய கிழவனின் பிடியை உதற முடியவில்லை. மேலே போய்ச் சங்கு அடங்கிய பிறகுதான் கையை விட்டேன். மணிக்கட்டில் என் விரல்கள் நாலும் பதிந்திருந்தன.

"அது டெஸ்ட், தாத்தா" என்று தமிழில் சொல்லிவிட்டு அழுதாள். என்னைப் பார்த்துப் பயந்து அழுதாள் என்பது எனக்குப் புரிந்தது.

2

வசந்தி என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாள். இங்கே டாக்டரைப் பார்க்குமுன் படிவத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே அமைதியில்லாத உணர்வு உண்டா, வாரத்தில் எத்தனை நாள், உறக்கம் எப்படி, எப்போதிலிருந்து என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். வசந்தி என்னைக் கேட்காமலேயே நிரப்பிக்கொண்டு போனாள். 'எப்போதிலிருந்து' என்ற இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்தினாள். "அம்மா போனதிலேர்ந்துன்னு போடவாப்பா?" என்றாள்.

போடு என்றேன். ஆக, அந்தப் படிவத்திலும் ஒரு பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

டாக்டரம்மா நல்லவர். மாத்திரை எழுதவில்லை. நூலகத்து மாடியில் வாரம் ஒரு நாள் நடக்கும் வகுப்புக்குப் போகச் சொன்னார். போனேன். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நடத்துகிற பெண் ஆளுக்கொரு உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, இதை இதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோலப் பாருங்கள், தொடுங்கள், காதருகில் வைத்து உருட்டுங்கள், மெதுவாக வாயில் போடுங்கள் என்றாள். பாயசத்தில் போட வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு டச்சு அரைகுறை. ஆனாலும் அவள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று விளங்கியது. உங்கள் மனசு அடுத்த நிமிடத்துக்குப் போய்விடுகிறது, அதைத் திட்டாமல் இந்த நிமிடத்துக்குக் கூட்டி வாருங்கள் என்றாள்.

மற்றவர்களுக்கு அது புதுசாக இருந்திருக்கலாம். எனக்குப் புதுசில்லை. இதே பாடத்தை நான் நெய்வேலியில் படித்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் படித்தேன். அதை எப்படிப் படித்தேன் என்று அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் திராட்சையை விழுங்கவே முடியவில்லை.

3

அறுபதுகளின் நடுவில் நான் நெய்வேலியில் பம்ப் ஆபரேட்டர். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம், குடிக்கிற தண்ணீருக்கே நாலு மைல் நடக்கிற ஊர். அங்கிருந்து வந்தவனுக்குத் தண்ணீரை வெளியே இறைத்துக் கொட்டுகிற வேலை. என் அப்பா கடைசிவரை இதை நம்பவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. சும்மா இல்லை, மேலே வர முட்டிக்கொண்டு இருக்கிறது. சுற்றிலும் ஆழ்துளை போட்டு ராப்பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் சூப்பர்வைசர் ஞானமுத்து இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கூடச் சேர்ந்தவர்களும் போனார்கள். நான் அங்கேயே நின்றேன். கீழே மனிதர்கள் நடமாடுவது மேலிருந்து எறும்பாகத் தெரிந்தது. அவர்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அன்று நினைக்க ஆரம்பித்தவன், பிறகு நிறுத்தவே இல்லை.

எனக்குப் பன்னிரண்டு பம்ப்புகள். வரிசையாக இருக்கும், சைக்கிளில் போய் வர வேண்டும். மணிக்கு ஒரு தரம் ஒவ்வொன்றிலும் நின்று, மீட்டரில் ஊசி எங்கே நிற்கிறது, குழாய் வாயில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று பார்த்துத் தாளில் எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் ஒன்றாம் நம்பரில் நிற்கும்போது இரண்டாம் நம்பர் நின்றிருக்குமோ என்று இருக்கும். இரண்டுக்குப் போனால் ஒன்பது. சாப்பிடும்போது, குவார்ட்டர்ஸில் படுத்திருக்கும்போது, விடுமுறை நாளில் பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் பார்க்கும்போதுகூடக் காது பம்ப் சத்தத்தைத் தேடும். என் மனைவி செண்பகம் கேலி செய்வாள். "பக்கத்துல ஒக்காந்துகினே எங்கியோ போயிடுறீங்க" என்பாள். அவள் பண்ருட்டிக்காரி.

அவளுடைய தம்பி கலியபெருமாளைக் காண்ட்ராக்டரிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். கலியன் என்போம். இருபது வயது. சுரங்கத்தின் அடித்தட்டில், கரி ஏற்றிப் போகிற பெல்ட்டிலிருந்து சிதறுவதை வாரிப் போடுகிற வேலை. முதல் நாள் அவனை அனுப்பும்போது செண்பகம் என்னிடம் சொன்னாள்: "உங்கள நம்பித்தான் எந்தம்பிய கீழ அனுப்பறேன்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். என் பயத்துக்கு அன்றிலிருந்து ஒரு முகம் வந்துவிட்டது.

4

இப்போது வெட்கக்கேடான விஷயத்துக்கு வருகிறேன்.

பம்ப்புகள் ஒழுங்காக ஓடுகிறவரை காலையில் எழுதுகிற எண்ணும் மாலையில் எழுதுகிற எண்ணும் ஒன்றுதான். அதனால் எங்களில் சிலருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எட்டு மணிக்கு எழுதும்போதே ஒன்பது, பத்து, பதினொன்றுக்கும் சேர்த்து எழுதிவிடுவது. 'அட்வான்ஸ் போடறது' என்று சொல்லிக்கொள்வோம். மற்றவர்கள் மர நிழலில் பீடி பிடிக்கப் போட்டார்கள். நான் பயத்தில் போட்டேன். நின்று எழுத ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் மற்ற பதினொன்றையும் பார்க்காமல் இருக்க வேண்டுமே. எழுதி முடித்துவிட்டால் சைக்கிளை விட்டு இறங்காமல், ஓடுகிற சத்தத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரலாம். என்னைவிட ஜாக்கிரதையான ஆபரேட்டர் கிடையாது என்று ஞானமுத்து எல்லோரிடமும் சொல்வார். சொல்லச் சொல்ல நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

ஏழாம் நம்பர் பம்ப் தண்ணீர் போகிற வாய்க்காலில் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் துணி துவைப்பார்கள். அஞ்சலை என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், தினமும் வருவாள். நான் கடந்து போவதைப் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொள்வாள். அன்று பதினொன்றே முக்காலுக்கு வந்தபோதுதான் அவள் அங்கே இல்லாததைக் கவனித்தேன். எட்டாம் நம்பர் வாய்க்காலில் துவைத்துக்கொண்டிருந்தாள். ஏன் இடம் மாறிவிட்டாய் என்று போகிற போக்கில் கேட்டேன்.

"அங்க தண்ணி நின்னு போச்சுங்களே. ஒம்போது மணி பஸ்ஸு போறப்பவே நின்னுட்டுது" என்றாள். நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். அவள் துணியைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்களுந்தான் எத்தினி வாட்டி வந்துகினு போய்கினு இருந்தீங்க. தெரியும்னு நெனச்சேன்."

திரும்பிப் போய்ப் பார்த்தேன். குழாய் வாய் காய்ந்திருந்தது. மேலே மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே தண்டு முறிந்துபோயிருக்க வேண்டும். தண்ணீரைத் தூக்காமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி இறங்கி எங்கோ கீழே கிடந்தது. என் தாளில் ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றுக்கும் நேராக என் கையெழுத்தில் அழகான எண்கள் இருந்தன.

5

வரிசைக்கு நடுவில் ஒரு போன் உண்டு. எடுத்து ஞானமுத்துவிடம், ஏழாம் நம்பர் இப்போதுதான் நின்றது என்றேன். அந்த 'இப்போதுதான்' எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினொரு மணி ரீடிங் சரியாக இருந்ததா என்று கேட்டார். சரியாக இருந்தது என்றேன். அப்படியானால் அவசரமில்லை, ஃபிட்டரைச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டார். அப்போது சுரங்கத்தின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

நான் அப்போது பெர்மனென்ட் ஆகவில்லை. பொய் எழுதியது தெரிந்தால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். செண்பகம் ஆறு மாதம். ஊருக்குத் திரும்பினால் தண்ணீர்கூடக் கிடையாது. இது ஒரு பக்கம். ஏழாம் நம்பருக்கு நேர் கீழே அன்று கலியன் வாரிக்கொண்டிருக்கிற இடம். இது இன்னொரு பக்கம். மனக்கண்ணில் தரை பிளப்பதைப் பார்த்தேன். அவனை வெளியே எடுத்துக் கிடத்துவதைப் பார்த்தேன். செண்பகத்திடம் போய் நிற்பதையும் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போன் பக்கத்தில் அசையாமல் நின்றிருந்தேன்.

பம்ப்புக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லிக் குழாய் நட்டிருப்பார்கள். அதில் கனமான குண்டு கட்டிய இரும்பு நாடாவை இறக்கி நிலத்தடித் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். குண்டு தண்ணீரைத் தொடும்போது 'களக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வரும் இடத்தில் நாடாவைப் பிடித்து அளவைப் படிக்க வேண்டும். எதற்காக அதைச் செய்யப் போனேன் என்று தெரியவில்லை. தண்ணீர் ஏறியிருக்காது என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளப் போயிருப்பேன்.

முதல் தடவை சத்தம் கேட்கவில்லை. என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. இரண்டாம் தடவை கலியன் முகம் வந்து மறைத்தது; நாடா அதுபாட்டுக்கு ஓடிவிட்டது. மோட்டாரை அணைத்துவிட்டு மூன்றாம் தடவை மண்டியிட்டுக் காதைக் குழாயில் வைத்தேன். வெயிலில் குழாய் கன்னத்தைச் சுட்டது. எடுக்கவில்லை. நாடா விரலில் உரசிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு அடியாக விட்டேன். மூச்சு விட்டால் கேட்காது, அதனால் மூச்சு விடவில்லை. அதுவரை வாழ்க்கையில் எதையும் நான் அப்படிக் கேட்டதில்லை. கலியன் இல்லை, வேலை இல்லை, செண்பகம் இல்லை. விரல், நாடா, குழாயின் சூடு, இவ்வளவுதான் இருந்தன.

களக்.

எண்ணைப் படித்தேன். முந்தின ஷிப்டுக்காரர் எழுதி வைத்திருந்ததைவிட ஒரு ஆள் உயரத்துக்கும் மேல் தண்ணீர் ஏறியிருந்தது. நான் பயந்ததைவிட அது மோசம். ஆனால் மனசு அடங்கியிருந்தது. ஒரு வருஷமாகத் தண்ணீர் எங்கே வந்துவிடுமோ என்று நினைத்துக்கொண்டிருந்தவன், அது எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். பார்த்ததும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிட்டது.

போனை எடுத்தேன். "சார், நான் முன்னாடி சொன்னது பொய். ஒன்பது மணிக்கே நின்னுடுச்சு. பார்க்காம எழுதிட்டேன். கீழே இருக்கற ஆளையெல்லாம் மேலே ஏத்துங்க சார்" என்றேன். அந்தப் பக்கம் போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

6

ஆட்களை லாரியில் ஏற்றி மேலே கொண்டுவந்தார்கள். முதல் லாரியில் கலியன் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது லாரி வருவதற்குள் நான் பட்டதை எழுதத் தெரியாது. கொஞ்ச நேரம் முன்பு கிடைத்த அமைதியெல்லாம் எந்தப் பக்கம் போனதோ. அது வந்தால் தங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கலியன் மூன்றாவது லாரியில் சிரித்துக்கொண்டே வந்தான். முழங்கால்வரை சேறு. "மாமா, கீழ ஒரு ஊத்து கொப்பளிச்சுகினு வந்திச்சு. பைப்பு ஒடஞ்சிருக்கும்னு நாங்க அதுலயே மூஞ்சி கழுவிகினு இருந்தோம். வெதுவெதுன்னு இருந்திச்சு மாமா" என்றான். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாலைக்குள் அந்த இடம் இளகிக் குளமாகிவிட்டது. பெல்ட்டைத் தாங்கும் கால்கள் சாய்ந்தன. பக்கத்தில் மாற்றுப் பம்ப்பை ஓட்டி மூன்று நாளில் சரி செய்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வேலை போகவில்லை. பெர்மனென்ட் ஆவது இரண்டு வருஷம் தள்ளிப்போனது. எல்லோருடைய தாள்களையும் எடுத்துச் சோதித்ததில் அட்வான்ஸ் போட்ட மற்றவர்களும் மாட்டினார்கள். அவர்கள் வெகுநாள் என் முகத்தில் விழிக்கவில்லை. அதைத் தாங்கிக்கொண்டேன். ஆபீஸ் விஷயம் காண்ட்ராக்ட் ஆட்கள்வரை போகாமல் ஆபீஸோடு போயிற்று.

வீட்டில்தான் சொல்லவில்லை. கலியன் அன்று சாயங்காலமே பண்ருட்டி முழுக்க, எங்க மாமா போன் பண்ணித்தான் பொழச்சோம் என்று சொல்லிவிட்டான். செண்பகம் எனக்குச் சுற்றிப்போட்டாள். அவள் கற்பூரத்தை அணைக்கட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பிறகு குழந்தை பிறக்கட்டும் என்று இருந்தேன். பிறகு கலியனுக்குக் கல்யாணம் ஆகட்டும். அவனுடைய மூத்த பையனுக்கு என் பெயரை வைத்தான். காதுகுத்தில் அந்தக் குழந்தையை என் மடியில் வைத்தபோது எனக்கு வியர்த்து ஊற்றியது. எல்லோரும் புழுக்கம் என்று விசிறினார்கள்.

அதற்கப்புறம் எந்த மீட்டரையும் நான் பார்க்காமல் எழுதியதில்லை. ஓய்வு பெறும்வரை பம்ப் முன்னால் நிற்கிற நிமிடங்களில் எனக்கு நிம்மதி கிடைத்தது. அங்கே ஊசி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். வீட்டுக்கு வந்து செண்பகத்தின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விடும். அந்த ஒரு இடத்தில் மட்டும் கடைசிவரை பார்க்காமலேயே எழுதிக்கொண்டிருந்தேன். அவள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

7

மீராவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். தமிழில் பாதி, எனக்குத் தெரிந்த டச்சில் பாதியாக எல்லாவற்றையும் சொன்னேன். வசந்திக்கே தெரியாததை அவளிடம் சொன்னேன். அவள் வாழைப்பழம் தின்றுகொண்டே கேட்டாள். முடிந்ததும், "அந்தக் கலியன் தாத்தா உயிரோட இருக்காரா?" என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன். "அப்போ ஏன் என்கிட்ட சொல்றீங்க?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

நேற்றுக் கலியனைக் கூப்பிட்டேன். அவனுக்கு எண்பது நெருங்குகிறது. பண்ருட்டியில் பையன் வீட்டில் இருக்கிறான். வழக்கம்போல மழை, முழங்கால் வலி, முந்திரி பூத்த கதை எல்லாம் சொன்னான். நான் பேச்சை நிறுத்திச் சொன்னேன். ஒன்பது மணி, பத்து மணி, பதினோரு மணி மூன்றையும் சொன்னேன். முதல் போனில் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"மூணு மணி நேரமா, மாமா?"

"ஆமாம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்லலை."

"இத்தினி வருசம் கழிச்சு எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க?"

"இன்னும் நாள் இருக்குன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், கலியா. அவ போயிட்டா."

பதில் வரவில்லை. திட்டுவானா, அழுவானா, பையனிடம் சொல்வானா, அவனை என் பெயரால் இனி எப்படிக் கூப்பிடுவான் என்று மனசு பன்னிரண்டு பம்ப்புக்கும் ஓடப் பார்த்தது. விடவில்லை. கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் வீட்டில் மிக்ஸி ஓடியது. யாரோ கதவைச் சாத்தினார்கள். அவன் மூச்சு விடுவது கேட்டது, கொஞ்சம் இழுப்போடு. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"கலியா, வெச்சிடட்டுமா?" என்றேன்.

"வெக்காதீங்க" என்றான். நான் வைக்காமல் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.